வான் பாயாத குளம்: சேகரிப்பாளரும் மேலதிகப் படிகளும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் குளங்களை அறிந்தோர்க்கு விளக்க வேண்டாத உண்மை ஒன்றுண்டு. மாரியில் மேற்குளம் நிறைந்ததும் அதன் மிகைநீர் வான் வழியே பாய்ந்து கீழ்க்குளத்தைச் சேரும்; அது நிறைய, அதன் வான் பாய்ந்து அடுத்த குளத்தைச் சேரும். இவ்வாறு ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட சிறுகுளங்களே அம்மண்ணின் வயல்களை நூற்றாண்டுகளாகக் காத்து வந்தன. வான் இல்லாத குளம் கூடுதலான நீரைச் சேமித்து வைப்பதில்லை. அது தன் கட்டையே உடைத்துக்கொண்டு, சேர்த்த நீர் அனைத்தையும் ஒரே இரவில் இழக்கும். மிகையை விட்டுக்கொடுப்பது குளத்தின் தருமம் மட்டுமன்று. அதன் பாதுகாப்பும் அதுவே.

இவ்விதி சேகரிப்பு எனும் முயற்சிக்கும் முற்றாகப் பொருந்தும். முத்திரையாயினும் நாணயமாயினும் நூலாயினும் சஞ்சிகையாயினும், சேகரிப்பவன் கையில் ஒரு பொருளின் ஒரு படி இருத்தல் அறிவு முயற்சி. இரண்டாவது படி இருத்தல் தற்செயல். மூன்றாவதும் நான்காவதும் ஐந்தாவதும் அவன் அலுமாரியிலே கிடப்பின், அது முடக்கம். இம்முடக்கத்தைக் குற்றமெனக் கூற எவரும் முன்வருவதில்லை. 'மேலதிகப் படிகள் நிறைய உண்டு' எனச் சேகரிப்பாளர் பெருமையோடு கூறுவதையும், கேட்போர் அதை வியப்பதையுமே காணமுடிகின்றது. இப்பெருமை நகைப்புக்குரியது என்பதும், வன்னியைப் பொறுத்தவரை அது நகைப்போடு நின்றுவிடாது பெருந்தீங்காகவும் முடிகின்றது என்பதும் இங்கு நிறுவப்படும்.

முத்திரை சேகரிக்கும் பள்ளிச் சிறுவனை முதலில் நோக்குவோர்க்குச் சேகரிப்பின் இயல்பான அறம் புலனாகும். கடித உறையிலிருந்து முத்திரையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்து, உலர்த்தி, ஏட்டில் ஒட்டும் அச்சிறுவன், ஒரே முத்திரை இரண்டாவது முறை கிடைத்ததும் அதனை வேறோர் உறையில் இட்டு வைப்பான். மறுநாள் பாடசாலையில் அவ்வுறை திறக்கப்படும். தன்னிடம் இரண்டாக உள்ளதைக் கொடுத்துத் தன்னிடம் இல்லாததைப் பெறுவான். இரு சிறுவரும் இழந்தது ஏதுமின்றி, இருவர் ஏடுகளும் வளர்ந்திருக்கும். மேலதிகப் படி என்பது அவனுக்கு உடைமையன்று. இன்னொருவனை நோக்கிச் செல்லும் வழியில் தன்னிடம் தங்கிய விருந்தாளி.

அச்சிறுவன் வளர்ந்து பணமும் அலுமாரியும் உடையவனாகிய பின்னர், இவ்வறம் எங்ஙனமோ மறைந்துவிடுகின்றது. பழைய புத்தகக் கடையில் ஓர் ஈழத்து நூலைக் காண்கின்றான். அது தன்னிடம் உண்டென்பதை அறிவான். ஆயினும், 'விட்டால் வேறொருவன் வாங்கிவிடுவான்' எனும் எண்ணம் அவனை உந்துகின்றது. வேறொருவன் வாங்குதல் ஏன் தீதாகவேண்டும்? அந்த வேறொருவன் அந்நூலை ஆண்டுக்கணக்கில் தேடிய மாணவனாக இருக்கலாம். அந்நூல் பிறந்த ஊரின் வாசிகசாலையைச் சேர்ந்தவனாக இருக்கலாம். இக்கேள்வி சேகரிப்பாளனின் உள்ளத்தில் எழுவதில்லை. பிறரிடம் இல்லாமையே தன் சேகரிப்பின் மதிப்பு என்று கருதும் நிலைக்கு அவன் வந்துவிட்டான்.

இம்மனநிலையின் எல்லையைக் காட்டும் கதையொன்று முத்திரைச் சேகரிப்பாளரிடையே வழங்குகின்றது. 1856 ஆம் ஆண்டில் வெளியான பிரித்தானிய கயானாவின் ஒரு சத முத்திரை உலகில் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியுள்ளது. ஒரு காலத்தில் அதன் உரிமையாளராயிருந்த அமெரிக்கச் செல்வர் ஆதர் ஹைன்ட், இரண்டாவது படி ஒன்று வெளிப்பட்டபோது அதனைப் பெருவிலை கொடுத்து வாங்கித் தம் சுருட்டு நெருப்பிலே எரித்தார் என்பது அக்கதை. அது மெய்ப்பிக்கப்படாத கதையே. எனினும், சேகரிப்பாளர் உலகம் அதனை நம்பத் தயாராயிருந்தது என்பதே சிந்திக்கற்பாலது. இரண்டாவது படியை எரிப்பவனுக்கும், அதனை எவர் கண்ணிலும் படாது பூட்டிவைப்பவனுக்கும் உள்ள வேறுபாடு யாது? எரித்தவனிடம் சாம்பலும், பூட்டியவனிடம் சாவியும் எஞ்சும். தேடி வந்தவன் இருவர் வாசலிலிருந்தும் வெறுங்கையோடுதான் திரும்புவான்.

இனி, இக்குற்றம் வன்னியின் பொருட்டு ஏன் பேசப்படவேண்டும் எனும் வினாவுக்கு வரலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் அண்மைக்கால வரலாறு இடம்பெயர்வின் வரலாறு. 1995 இன் இறுதியில் குடாநாட்டிலிருந்து பெருந்தொகையான மக்கள் தம்மால் சுமக்க முடிந்தவற்றோடு வன்னிக்குள் வந்தனர். 1996 இல் கிளிநொச்சி நகரம் போர்க்களமாயிற்று. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2008 இலும் 2009 இலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி, ஊர் ஊராகப் பெயர்ந்து, இறுதியில் முள்ளிவாய்க்கால் மணற்பரப்பை அடைந்த மக்கள் வீட்டுக் கதவையும் கூரைத் தகட்டையும்கூட வழியில் விடநேர்ந்தது. குழந்தையையும் அரிசியையும் தூக்கியவனுக்குப் புத்தகத்தைத் தூக்கக் கை ஏது? ஒவ்வோர் இடப்பெயர்விலும் ஒரு வீட்டு அலுமாரி, ஒரு பாடசாலை நூலகம், ஒரு சனசமூக நிலைய வாசிகசாலை என நூல்கள் அழிந்தன. வன்னியிலே ஒரு தலைமுறையின் அச்சுச் செல்வம் ஏறக்குறைய முழுவதும் மறைந்தது.

இதன் விளைவு விந்தையானது, வேதனையானது. வன்னியைப் பற்றியும் வன்னியிலிருந்தும் எழுந்த நூல்கள் இன்று வன்னிக்கு வெளியிலேதான் எஞ்சியிருக்கின்றன. ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், வன்னி மரபுகளைக் கூறும் வையாபாடலின் பதிப்புகள், பேராசிரியர் சி. பத்மநாதனின் 'வன்னியர்', முல்லைமணியின் 'பண்டாரவன்னியன்' நாடகம், தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு அ. பாலமனோகரன் எழுதி 1973 இல் வீரகேசரி பிரசுரமாக வெளிவந்த 'நிலக்கிளி' ஆகியவற்றின் முதற்பதிப்புகளைக் காணவிரும்பும் மாணவன் கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ கையேந்த வேண்டியவனாகின்றான். எழுபதுகளின் மலிவுப் பதிப்புகள் எளிய தாளில் அச்சானவை. சாதாரண வாசகனின் கையில் தவழ வந்தவையாதலால் அவை வாசித்து வாசித்தே தேய்ந்தன. எஞ்சியவை இடம்பெயர்வில் அழிந்தன. அத்தகைய நூலொன்றின் மூன்று படிகள் எங்கோ ஓர் அலுமாரியில், ஒரே வரிசையில், முதுகொட்டி நிற்குமாயின், அவற்றுள் இரண்டு அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும் ஒரு வாசிகசாலையின் வெற்றுத்தட்டுக்கு இழைக்கப்படும் அநீதியன்றோ?

'பாதுகாப்புக்காகவே பல படிகளை வைத்திருக்கிறேன்' என்பது சேகரிப்பாளர் கூறும் முதலாவது சமாதானம். இது ஆராயற்பாலது, ஏனெனில் இதன் முற்பாதி உண்மை. பல படிகள் இருத்தல் பாதுகாப்பே. ஆனால் அவை பல இடங்களில் இருத்தல் வேண்டும். 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்நெருப்பு ஒரு படியுள்ள நூலையும் ஐந்து படியுள்ள நூலையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்த ஐந்தும் ஒன்றாகவே எரிந்தன. எஞ்சியவை எவை? வேறோர் இடத்தில் வேறொருவர் கையில் படியிருந்தவை மாத்திரமே. யாழ்ப்பாண வைபவமாலை அத்தீயோடு உலகிலிருந்து மறைந்தது என்று இன்றும் சிலர் எழுதுகின்றனர். அது தவறு. அந்நூலைப் பிரிட்டோ 1879 இலேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார், பின்னர் குல. சபாநாதன் அதனைப் பதிப்பித்தார். பல ஊர்களுக்குப் பரவிய அச்சுப்படிகளால் அந்நூல் பிழைத்தது. மீளாது போனவை, வேறெங்கும் படியில்லாத தனி ஏடுகளும் கையெழுத்துகளுமே. காத்தது பூட்டன்று, பரவலே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. ஐந்து படிகளை ஒரே அறையில் அடுக்குபவன் ஐந்து விளக்குகளை ஒரே காற்றிலே வைப்பவன்.

இலங்கையின் சட்டமும் இக்கொள்கையை அறிந்தே இயற்றப்பட்டது. 1885 ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த ஏற்பாட்டின்படி, அச்சாகும் நூலின் ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, வெவ்வேறு நிறுவனங்களைச் சென்றடைகின்றன. அவற்றுள் பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும் ஒன்று. அரசின் ஏட்டுச் சட்டத்திற்கே விளங்கிய இவ்வுண்மை, நூலைக் காதலிப்பதாகக் கூறும் சேகரிப்பாளனுக்கு விளங்காதது ஏனோ?

தமிழர் மரபும் இதற்குச் சான்று பகரும். சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவகசிந்தாமணியையும் 1892 இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தபோது, ஒரு நூலின் பல ஏட்டுப்படிகளைத் தேடி ஊரூராக அலைந்தனர் என்பது பதிப்பு வரலாறு. ஏடு வைத்திருந்தோருள் கொடுத்தவரும் இருந்தனர், மறுத்தவரும் இருந்தனர். கொடுத்தவரின் ஏடு அச்சிலேறிச் சாகாவரம் பெற்றது. மறுத்தவரின் ஏடு செல்லுக்கு இரையாயிற்று. கன்னட நாட்டிலே பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்திமப்பை எனும் சமண அம்மையார், பொன்னனின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என இலக்கிய வரலாறு போற்றும். ஆயிரம் படிகளை எழுதுவித்தமைக்காக அன்று; அவற்றை வழங்கியமைக்காகவே அவர் நினைக்கப்படுகின்றார். ஆயிரத்தையும் தம் வீட்டிலே அடுக்கியிருப்பின் அவர் பெயரை இன்று அறிவார் யார்?

இரண்டாவது சமாதானம் நுட்பமானது. 'ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு படிகள் உண்மையில் ஒன்றல்ல' என்பர். முத்திரையில் நீர்க்குறி வேறுபடலாம். ஓரத்துளைகளின் எண்ணிக்கை வேறுபடலாம். நிறத்தின் சாயல் வேறுபடலாம். நூலில் அட்டை மாறலாம், பிழைதிருத்தம் மாறலாம், ஆசிரியரின் கையொப்பமோ பழைய வாசகரின் ஓரக்குறிப்போ இருக்கலாம். இதனை மறுத்தல் அறிவுடைமையன்று. ஏடுகளை ஒப்பிட்டே பாடபேதம் கண்ட பதிப்பாசிரியர் மரபில் வந்தோர் இதனை மறுக்கவும் முடியாது. ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. அவ்வேறுபாட்டைக் கண்டவர் அதனை எழுதினாரா? பட்டியலிட்டாரா? பிறருக்கு அறிவித்தாரா? ஒப்பிட்டு ஆராய்பவனுக்கு மூன்று படிகளும் கருவிகள். அவனிடம் அவை இருக்கட்டும். ஒப்பிடும் எண்ணமே இன்றி, கேட்டபோது மட்டும் நீர்க்குறியைச் சாட்சிக்கு அழைப்பவனின் வாதம், கொடாமைக்குப் போர்த்திய போர்வையே.

மூன்றாவது சமாதானம் விலை. 'நாளை இவற்றின் பெறுமதி உயரும். அப்போது விற்கலாம்' என்பர். இதற்கு அமெரிக்க நாட்டின் படிப்பினை ஒன்று உண்டு. அங்கே பேஸ்போல் ஆட்டக்காரரின் படம் பொறித்த அட்டைகளைச் சேகரித்தல் பெருவழக்கு. 1952 இல் ரொப்ஸ் நிறுவனம் வெளியிட்ட அட்டைகளில் விற்காது எஞ்சியவை 1960 அளவிலே கடலில் கொட்டப்பட்டன. அவ்வரிசையைச் சேர்ந்த மிக்கி மான்ரிலின் அட்டையொன்று 2022 இல் 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. இத்தகைய பழைய அட்டைகளின் விலையேற்றத்தைக் கண்டோர் எண்பதுகளின் பிற்பகுதியில் புதிய அட்டைகளை, ஒரே அட்டையில் நூற்றுக்கணக்காக, வாங்கிப் பெட்டி பெட்டியாகக் குவித்தனர். நிறுவனங்களும் அளவின்றி அச்சிட்டன. எல்லோரும் குவித்ததால் எவர்க்கும் தட்டுப்பாடு இல்லை. தட்டுப்பாடு இல்லாமையால் விலை வீழ்ந்தது. பழைய அட்டை விலைபெற்றது பிறர் அதனைப் பேணாது விட்டமையால். புதிய அட்டை விலையிழந்தது எல்லோரும் பேணியமையால். இரு நிலையிலும் குவித்தவனின் அறிவுக்கு அதிற் பங்கில்லை. ஈழத்து நூலின் நிலை இதனினும் எளியது. அதனை வாங்கப் பெருஞ்செல்வர் எவரும் ஏலக்கூடத்தில் காத்திருக்கவில்லை. அதனைத் தேடுபவன் மாணவன். அவனிடம் இருப்பது தேவை மட்டுமே. வாங்குவோன் இல்லாத சந்தைக்காகப் படிக்க விரும்புவோனைப் பட்டினி போடுதல் வாணிகமும் ஆகாது.

நான்காவது சமாதானம் கொடியது. 'வன்னிக்கு அனுப்பினால் அங்கே மீண்டும் அழிந்துவிடும்' என்பர். அழிந்த இடத்தை அழிவுக்கே உரியதாக முத்திரை குத்தும் இவ்வாதம், வெள்ளத்தில் பயிரிழந்த கமக்காரனுக்கு விதைநெல் கொடுக்க மறுப்பவனின் வாதத்தை ஒத்தது. விதைநெல்லைக் காப்பது கோட்டையில் கட்டி வைப்பதனால் அன்று, பருவந்தோறும் விதைப்பதனாலேயாம். காலங்கடந்து கட்டியே கிடந்த நெல் முளைதிறன் இழக்கும். மேலும், கொழும்பும் இலண்டனும் அழிவுக்கு அப்பாற்பட்டனவோ? தீயும் வெள்ளமும் கறையானும் எங்கும் உண்டு. அவற்றினும் கொடிய ஓர் அழிவும் உண்டு: சேகரிப்பாளர் மறைந்தபின், தமிழ் வாசிக்கத் தெரியாத வாரிசுகள் அலுமாரியைக் காலிசெய்யும் நாள். குண்டுக்குத் தப்பிய நூல் பழைய கடதாசிக்காரனின் தராசுக்குத் தப்புவதில்லை. அந்நாளில் ஐந்து படிகளும் ஒரே நிறையில் சேர்ந்தே போகும்.

'எல்லாவற்றையும் எண்ணிமப்படுத்திவிட்டால் போதாதா?' என்பது இக்காலத்துச் சமாதானம். 2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் எனும் எண்ணிம நூலகம் ஈழத்து எழுத்துகளுக்குச் செய்துவரும் தொண்டு போற்றற்குரியது. ஆயினும் அத்தொண்டும் நூலை மறைத்து வையாது கொடுத்தவர்களாலேயே நடந்தேறியது. இலத்திரனியல் ஆவணங்களைக் காக்கும் பொருட்டு ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் 1999 இல் தொடங்கப்பட்ட திட்டத்தின் ஆங்கிலப் பெயர், 'நிறையப் படிகள் பொருளைக் காக்கும்' எனும் பொருளையே தருவது. கணினி உலகமும் கற்றுக்கொண்டது பரவலின் பாடத்தையே. படமாக்குவதற்கு ஒரு படி போதும் எனின், ஏனைய படிகள் அலுமாரியில் இருத்தற்குரிய காரணம் இன்னும் குறைகின்றதேயன்றிக் கூடவில்லை.

இறுதியாக, 'அவை என் பணத்தில் வாங்கிய என் உடைமை' எனும் உரிமைக் குரல். சட்டம் அவ்வுரிமையை மறுக்கவில்லை; இங்கும் அது மறுக்கப்படவில்லை. ஆனால் சேகரிப்பாளர் தம்மை வெறும் உடைமையாளர் என்று கூறிக்கொள்வதில்லையே! 'பண்பாட்டைக் காப்பவர்' எனவன்றோ விழாமேடைகளில் பாராட்டுப் பெறுகின்றனர்? காவலர் எனும் பெயரையும் வேண்டி, உடைமையாளரின் தன்விருப்பத்தையும் வேண்டுதல் இரண்டு தோணியிலும் கால் வைப்பதாகும். காவலராயின் கணக்குக் காட்டல் வேண்டும். அன்றேல் அப்பெயரைத் துறத்தல் வேண்டும்.

எனவே செய்யவேண்டுவது யாது? முதலாவது, ஒவ்வொரு சேகரிப்பாளரும் தம்மிடமுள்ள மேலதிகப் படிகளைப் பட்டியலிட்டு வெளியிடல் வேண்டும். மறைவாய் உள்ள வரையில் மேலதிகப் படி இல்லாத படியே. இரண்டாவது, இரண்டாம் படி செல்லும் இடத்தைத் தெரிதலில் வன்னிக்கு முதன்மை அளித்தல் வேண்டும். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவின் நூலகமும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பீடங்களும், மாவட்டப் பொது நூலகங்களும் பாடசாலைகளும் இருக்கின்றன. ஆதலின் இடமில்லை என்பதற்கு இடமில்லை. மூன்றாவது, கொடுத்தல் என்பது கொட்டுதல் ஆகாது. தம் வீட்டில் இடம் காணாத காலங்கடந்த பாடநூல்களையும், ஒரே நூலின் கட்டுக்கட்டான படிகளையும் ஏற்றி அனுப்பி அறச்செயல் எனப் பெயர் சூட்டுதல், முடக்கத்தை ஓர் அலுமாரியிலிருந்து இன்னோர் அலுமாரிக்கு மாற்றுவதேயாம். பெறுவோரிடம் இல்லாதது எது எனக் கேட்டறிந்து அனுப்புவதே கொடை. பாடசாலைச் சிறுவனுக்குத் தெரிந்த முறையும் அதுவே: அவன் முதலில் மற்றவனின் ஏட்டைப் புரட்டிப் பார்ப்பான், பின்னரே தன் உறையைத் திறப்பான்.

இப்பணியில் பல்கலைக்கழகத் தமிழ்ச்சங்கங்களுக்கும் பங்குண்டு. ஆண்டுதோறும் மலர் வெளியிட்டு, விற்காத படிகளைச் சங்க அறையின் மூலையில் அடுக்கிவைக்கும் வழக்கம் எங்குமே இல்லையெனக் கூறத் துணிவார் உளரோ? சேகரிப்பாளரைக் குறைகூறுமுன் அவ்வடுக்குகள் அவிழ்க்கப்படல் வேண்டும். ஒரு மலரின் நூறு படிகள் ஓர் அறையில் தூசுபடியக் கிடப்பதினும், நூறு வாசிகசாலைகளில் ஒவ்வொன்றாகக் கிடந்து கிழிவது அம்மலருக்குப் பெருமை. கிழிந்த நூல் வாசிக்கப்பட்ட நூல்.

மாரி வரும்போது வன்னிக் கமக்காரன் முதலில் பார்ப்பது குளம் எவ்வளவு கொள்ளும் என்பதை மட்டுமன்று. வான் அடைபடாது இருக்கின்றதா என்பதையும் பார்ப்பான். அடைத்துக்கொண்ட செடியையும் சேற்றையும் வெட்டி அகற்றுவான். தன் குளத்து நீர் அயலூர்க் குளத்திற்குப் போய்விடுமே என்று அவன் வருந்துவதில்லை. தன் குளமும் மேலேயுள்ள ஊரின் வானால் நிறைந்தது என்பதை அவன் அறிவான். எந்தச் சேகரிப்பாளனும் தானே எழுதி, தானே அச்சிட்டு, தானே காத்த நூல்களைச் சேகரித்தவனல்லன். எவரோ விட்டுக்கொடுத்ததனாலேயே அவன் அலுமாரி நிறைந்தது. நிறைந்தபின் வானை அடைப்பவன், தனக்கு நீர்தந்த முறையையே மறுப்பவனாவான்.